எண்ணை எடுத்துட்டா எளிமையா?

எக்ஸாம் ஹாலுக்கு வெளிய ஸ்மார்ட் வாட்ச்சைக் கழட்டி வெச்சதும்தான் நம்மில் பலருக்கு மணி பார்க்க வாட்ச் தேவைங்கிறதே ஞாபகம் வரும். அந்த மூணு மணி நேரத்துல ஒரே கேள்விதான்: இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு? அதுக்கு ஒரே பார்வையில பதில் சொல்றதுக்காகவே டிசைன் பண்ணதைத்தான் 'டூல் வாட்ச்'னு சொல்றாங்க.

இந்தியாவுல இதுக்கு நல்ல உதாரணம் ஹெச்.எம்.டி. பைலட். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோட கூட்டு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பிச்ச அதே அரசு நிறுவனம்தான். பைலட்ல கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், ஓரத்துல நிமிஷக் கோடுகள். தேதி கிடையாது. பேட்டரியும் கிடையாது, தினமும் கீ கொடுக்கணும்.

கறுப்பு மேல வெள்ளை இருந்தா மங்கலான வெளிச்சத்திலும் எண் தனியாத் தெரியும். நிமிஷ முள் ஓரக் கோடு வரைக்கும் நீளும், மணி முள் குட்டையா எண்ணோட நிக்கும். ரெண்டையும் குழப்பிக்கவே முடியாது. தேதி காட்டணும்னா உள்ளே கூடுதல் சக்கரங்கள் வேணும், அதுவும் ஒருநாள் ரிப்பேர் ஆகும்.

இந்த டிசைனோட வேர் ராணுவத்துல இருக்கு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் ஒரே ஸ்பெக் ஷீட்டை வெச்சு 12 கம்பெனிகள்கிட்ட வாட்ச் வாங்குச்சு. ஒமேகா, லாஞ்சின்ஸ் எல்லாம் அதுல உண்டு. பேர் மட்டும்தான் வேற. முகம் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: கறுப்பு டயல், வெள்ளை எண்கள், இருட்டில் ஒளிரும் முட்கள்.

இப்போ இன்ஸ்டாவுல 'மினிமல்'னு விக்கிற வாட்ச்களைப் பாருங்க. எண் இல்ல, நிமிஷக் கோடும் இல்ல, ரெண்டு மெல்லிசு முள் மட்டும். அழகுதான், மறுக்கல. ஆனா மணி 10:17-ஆ 10:19-ஆன்னு அதுல சொல்லுங்க பார்ப்போம்! பைலட்ல தேவையில்லாததை மட்டும் எடுத்தாங்க. இதுல தேவையானதையும் சேர்த்து எடுத்துட்டாங்க. இன்னொரு பக்கம், காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி இடங்கள்ல மூணு குட்டி டயலோட மினுங்குற வாட்ச் கிடைக்கும். சிலதுல அந்தக் குட்டி முட்கள் சும்மா ஒட்டினது, நகரவே நகராது.

ஹெச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு. அதனால இப்போ சந்தையில சுத்துற பைலட் பெரும்பாலும் பழசுதான். பிங்க், ஆரஞ்சு டயலோட 'ஒரிஜினல்'னு யாராவது நீட்டினா நம்பாதீங்க, அது பின்னாடி பெயின்ட் அடிச்சதா இருக்கும். எழுத்தோட விளிம்பை போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க, கசிஞ்சிருந்தா வேண்டாம். அப்புறம் கீ கொடுத்து காதுல வெச்சுக் கேளுங்க. நொடிக்கு 5 டிக், சீரா வரணும். நாளைக்கு சில நொடி முன்னப்பின்ன ஓடும்தான். எக்ஸாமுக்கு முன்னாடி ஹால் கடிகாரத்தைப் பார்த்து ஒருவாட்டி சரி பண்ணிக்கிட்டா போதும்.