ஈஸ்டை நிறுத்தி வைப்பது எப்படி?

வலையபட்டிப் பக்கம் ஆப்ப மாவை இரவே கரைத்து வைத்துவிடுவார்கள். கள்ளோ, கடை ஈஸ்டோ சேர்ந்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். பொங்க வைப்பது ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்ட். குறுக்களவு சுமார் 5 மைக்ரான். நல்ல தீனியும் 30 டிகிரி வெப்பமும் கிடைத்தால் 90 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அடுப்படிக்கு வாய்ப்பான இந்த வேகம் ஆய்வகத்துக்குத் தொல்லை. காலையில் எடுத்த மாதிரியை அப்படியே வைத்து மாலையில் பார்த்தால், உள்ளே இருப்பது வேறு கூட்டம்.

ஈஸ்டை நிறுத்தும் வழி பனையேறிகளுக்கு நெடுநாளாகத் தெரியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்டால் வேலை செய்ய முடிவதில்லை.

ஆய்வகத்தில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று: அந்த ஈஸ்ட் பின்னால் உயிரோடு வேண்டுமா, எடுத்த கணத்தில் இருந்தபடி வேண்டுமா?

உயிரோடு வேண்டுமானால் கிளிசரால். வளர்ந்து அடங்கிய செல்களோடு 15 முதல் 25 சதவீதம் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். கிளிசரால் இல்லாமல் உறைந்தால், பனிப் படிகங்கள் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். தேவைப்படும்போது குப்பியை உருக விடக் கூடாது. உருகி உறையும் ஒவ்வொரு முறையும் செல்கள் சாகும். மேலாகக் கொஞ்சம் சுரண்டி ஊடகத் தட்டில் தேய்த்தாலே முளைத்து வரும். சண்டிகரில் 1986 முதல் இயங்கும் எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேகரிப்பகம் போன்ற இடங்களில், உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சி, உலர்பொடியாகவும் காக்கிறார்கள்.

இருந்தபடியே வேண்டுமானால் செல்லை உடனே கொன்றாக வேண்டும். டி.என்.ஏ. அளவை அறிய 70 சதவீத எத்தனால்; உருவம் குலையாமல் நுண்ணோக்கியில் பார்க்க ஃபார்மால்டிஹைடு.

ஆர்.என்.ஏ.தான் மிகக் கடினம், என் கண்ணுக்கு மிக அழகானதும் அதுவே. எந்த மரபணு இப்போது வேலை செய்கிறது என்று சொல்லும் அந்த மூலக்கூறு, சில நிமிடங்களிலேயே சிதைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். மையவிலக்கியில் சுற்றித் திரட்டுவதற்குள், தீனி நின்றதையும் குளிர்ந்ததையும் உணர்ந்து செல் தன் போக்கை மாற்றிக்கொள்ளும். அதனால் வளர்ப்பு நீரை மளமளவென வடிகட்டி, வடிதாளோடு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டுவிடுகிறார்கள்.

குப்பியின் மேல் ஈஸ்டின் வகை, வளர்த்த ஊடகம், எடுத்த நேரம் மூன்றையும் எழுத வேண்டும். எத்தனால் பட்டால் சாதாரண மை கரைந்துவிடும். கரையாத மையாகப் பார்த்து எழுதுவது நல்லது.