மரமும் நாதமும்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்துரைப்பது தமிழ் மரபு. யாழும் வீணையும் நரம்புக்கருவிகள். மேலைநாட்டாரின் கித்தாரும் அவ்வகையைச் சார்ந்ததே. 8 என்னும் எண்ணைப் போல நடுவே ஒடுங்கிய மரக்கூடும், மெட்டுகள் பதித்த நீண்ட கழுத்தும், ஆறு தந்திகளும் உடையது அக்கருவி.

தேர்ந்த கைவினைஞர் ஒருவர் தம் கையாலேயே ஒரு கித்தாரைச் செய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். அதன் விலை, எந்திரங்களால் பெருந்தொகையாகச் செய்யப்படும் கித்தாரின் விலையைப்போலப் பன்மடங்கு இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவில் பெரிய வேறுபாடு தோன்றாது. அங்ஙனமாயின், கைவினைக் கருவியின் சிறப்பு எங்கே உள்ளது? அரிய மரத்திலா? அழகிய வேலைப்பாட்டிலா? அன்றி, கண்ணுக்குப் புலனாகாத வேறொன்றிலா?

இதற்கு விடை காண, நாதம் பிறக்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும். தந்தி மிக மெல்லியது. அது தனியே அதிர்ந்தால் எழும் ஓசை அருகிலிருப்பவர்க்கும் நன்கு கேளாது. தந்திகள், வீணையில் உள்ளது போலவே, குதிரை என்னும் உறுப்பில் பொருந்தியுள்ளன. தந்தியின் அதிர்வு குதிரையின் வழியாக முகப்பலகைக்குச் செல்கிறது. அகன்ற பலகை அதிர்ந்து காற்றை அசைக்கிறது. கூட்டினுள் அடைபட்ட காற்றும் உடன் அதிர்ந்து, நடுவேயுள்ள வட்டத் துளையின் வழியே ஒலியாக வெளிப்படுகிறது. எனவே, கித்தாரின் உயிர்நிலை அதன் முகப்பலகையே ஆகும்.

முகப்பலகையின் பணி எளிதன்று. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கின்றன. அவ்விழுப்பைத் தாங்கும் வலிமை பலகைக்கு வேண்டும். ஆனால், விரல்நுனி தொட்ட அளவிலே அதிரும் மென்மையும் அதற்கு வேண்டும். தடித்த பலகை வலியது, ஆயினும் ஊமை. மெலிந்த பலகை இனிது பாடும். ஆயினும் வளைந்து கெடும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள நுண்ணிய எல்லையைக் கண்டறிவதே கைவினைஞரின் கலை. இதற்காக ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள பலகையின் உட்புறத்தில், மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டி வலுவூட்டுகின்றனர்.

இக்கலையில் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாப் பகுதியில் 1817-ஆம் ஆண்டில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் ஆவார். தச்சுத் தொழில் பயின்ற அவர், செவில் நகரில் கித்தார்கள் செய்து புகழ்பெற்றார். கருவியின் கூட்டை அவர் அகலப்படுத்தினார், முகப்பலகையை மெலிதாக்கினார், அதன் அடியில் சட்டங்களை விசிறியின் ஈர்க்குகள்போல விரித்து அமைத்தார். இன்றளவும் செவ்வியல் கித்தார்கள் பெரும்பாலும் அவர் வகுத்த வழியிலேயே செய்யப்படுகின்றன.

நாதத்தின் நிலைக்களம் முகப்பலகையே என்பதை மெய்ப்பிக்க விரும்பிய தோரஸ், 1862-ஆம் ஆண்டில் வியப்பிற்குரிய ஒரு கருவியைச் செய்தார். அதன் முகப்பலகை மட்டுமே நல்ல மரம். முதுகும் பக்கங்களும் காகித அட்டையால் ஆனவை! அக்கருவி ஊமையாகிவிடவில்லை, கித்தாராகவே ஒலித்தது. பார்சிலோனா நகர இசை அருங்காட்சியகத்தில் அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தோரஸ் வாழ்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் வேறொரு முறை வளர்ந்தது. செருமானிய நாட்டிலிருந்து 1833-ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய சி. எஃப். மார்ட்டின் என்பவரின் தொழிற்கூடத்தில், இரண்டு முதன்மைச் சட்டங்களைப் பெருக்கற்குறி போலக் குறுக்கிட்டு வைக்கும் முறை கையாளப்பட்டது. முதலில் குடல் நரம்புகளுக்காகவே எழுந்த இவ்வமைப்பு, பிற்காலத்தில் வந்த எஃகுத் தந்திகளின் மிகுந்த இழுவிசையையும் தாங்கவல்லதாய் விளங்கிற்று. ஸ்பானிய முறையில் அமைந்து நைலான் நரம்பு பூட்டிய கித்தார், திரண்டு உருண்ட மென்மையான ஒலியைத் தரும். எஃகுத் தந்தி பூட்டிய அமெரிக்கக் கித்தார், தெளிந்து ஒளிரும் ஒலியைத் தரும். அதன் நாதம் நெடுநேரம் நீடிக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஒவ்வொன்றும் தனக்குரிய இசைக்கு ஏற்றதாகும்.

முகப்பலகைக்குரிய மரத்தாலும் ஒலி வேறுபடும். குளிர்நாடுகளில் வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம், எடை குறைந்ததாயினும் வலிமை மிக்கது. அதன் ஒலி தெளிவும் எடுப்பும் உடையது. 1960-களில் மாட்ரிட் நகரக் கைவினைஞர் மூன்றாம் ஹோசே ராமிரஸ், வட அமெரிக்காவின் செந்நிறச் சீடார் மரத்தையும் முகப்பலகைக்குப் பயன்படுத்தினார். சீடார் ஸ்புரூசைவிட மெதுவானது. அதன் ஒலி கனிவுடையதாய் விரைந்து எழும் என்பர். ஆயினும், ஒரே மரத்தில் அறுத்த இரு பலகைகளும் ஒத்திருப்பதில்லை. ஆகவே கைவினைஞர் பலகையை விரலால் தட்டிக் கேட்கிறார், கையால் வளைத்துப் பார்க்கிறார், ஓரிடத்தில் சிறிது இழைக்கிறார், மீண்டும் தட்டுகிறார். எந்திரம் எல்லாப் பலகைகளையும் ஒரே கனத்திற்குச் சீவும். கைவினைஞரோ ஒவ்வொரு பலகைக்கும் உரிய கனத்தைத் தேடுகிறார். தோரஸிடம் அவருடைய தொழில் மறைபொருளைக் கேட்டபோது, அது தம் பெருவிரலும் சுட்டுவிரலும் பலகையைத் தொட்டு உணர்வதிலேயே உள்ளது என்றும், அதனைப் பிறர்க்கு விட்டுச் செல்ல இயலாது என்றும் அவர் கூறியதாக, அவர் நண்பராகிய பாதிரியார் ஒருவர் பின்னாளில் எழுதினார்.

இனி, முதுகுக்கும் பக்கங்களுக்கும் உரிய மரத்தைக் காணலாம். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமே இதற்கு ஈடற்றது எனப் பலர் நெடுங்காலம் கருதினர். அது கிடைப்பது அரிதாகவே, மார்ட்டின் நிறுவனம் 1969-ஆம் ஆண்டில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரமே அது. தோதகத்தி என்றும் அதனை வழங்குவர். விலையுயர்ந்த இம்மரங்கள் உண்மையில் ஒலியை உயர்த்துகின்றனவா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனைச் சோதித்து, 2018-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முதுகு, பக்கப் பலகைகளின் மரத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த ஆறு கித்தார்கள் அதற்கெனச் செய்யப்பட்டன. கித்தார் வாசிப்போர் 52 பேர், மங்கிய ஒளியில் கருங்கண்ணாடி அணிந்து, மரம் இன்னதென்று காணாமலே அவற்றை இசைத்து மதிப்பிட்டனர். ஆறு கருவிகளும் ஏறக்குறைய ஒரே மதிப்பைப் பெற்றன! கண் கண்டபோது பெரிதாகத் தோன்றிய வேறுபாடு, செவி மட்டும் கேட்டபோது மறைந்து போயிற்று.

இம்முடிவு இசைவாணர்க்கு மட்டுமன்றிக் காடுகளுக்கும் நன்மை பயப்பதாகும். அளவின்றி வெட்டப்பட்டதால் பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போயிற்று. 1992-ஆம் ஆண்டில் அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றியது. ஈட்டி மரம் முதிர்ந்து பெருக மனித வாழ்நாளினும் மிகுந்த காலம் ஆகும்; அதனை வெட்டி வீழ்த்த ஒரு நாள் போதும். எளிதாகக் கிடைக்கும் மரங்களைக் கொண்டும் இனிய நாதத்தை எழுப்ப இயலும் என்றால், அருமரங்களைக் காட்டிலேயே வாழவிடலாம் அன்றோ?

கருவியை மதிப்பிட விரும்புவோர் மரத்தின் பெயரையும் ஒலித்துளையைச் சுற்றியுள்ள வண்ண வேலைப்பாட்டையும் மட்டும் நோக்குதல் கூடாது. மெல்லெனத் தொட்டாலும் ஒலிக்கிறதா, வலிந்து மீட்டினாலும் தெளிவு குன்றாதிருக்கிறதா, கீழ்ச்சுரமும் மேற்சுரமும் ஒத்த நிறைவுடன் எழுகின்றனவா, பல பேர் நிறைந்த அவையின் கடைசி வரிசைக்கும் எட்டுகிறதா என்று செவியால் ஆராய்தல் வேண்டும். இணைப்புகள் இடைவெளியின்றிப் பொருந்தியுள்ளனவா என்றும், மேற்பூச்சு அதிர்வைத் தடுக்காதவாறு மெல்லியதாக உள்ளதா என்றும் காணுதல் வேண்டும். பொருளின் அருமை விலையைப் பெருக்கலாம். நாதத்தைப் பெருக்குவது, மரத்தின் இயல்பறிந்து பொறுமையோடு உழைக்கும் கையேயாகும். அட்டையைக் கொண்டு தோரஸ் உலகிற்கு உணர்த்திய உண்மை இதுவே.