கை நுழையாத இடத்தில் தையல்!

பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்துவிட்டால் தெள்ளார் நெசவாளர் என்ன செய்வார்? தறியை நிறுத்துவார். அறுந்த முனைகளைத் தேடிப் பிடிப்பார். விரலால் முடிச்சுப் போடுவார். மறுபடி தறி ஓடும்.

அதே முடிச்சை ஒரு மூடிய பெட்டிக்குள் போடச் சொன்னால்? கை நுழைய வழியில்லை. சிறு துளைகள்தான் உண்டு. அவற்றின் வழியே ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள இரண்டு கருவிகளை விடலாம். உள்ளே நடப்பதை எதிரே உள்ள திரையில்தான் பார்க்க வேண்டும். முடியுமா?

முடியும்! லேப்ராஸ்கோப்பி டாக்டர்கள் மனிதர் வயிற்றுக்குள் இதைத்தான் செய்கிறார்கள்.

கிளிப் மட்டும் போதாது

1985-ல் ஜெர்மனியில் எரிக் முயே என்ற டாக்டர் இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். 1990-ல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவில் அதைச் செய்து காட்டினார்.

பித்தப்பை ஆபரேஷனில் தையல் வேலை குறைவு. குழாயைச் சிறு கிளிப்பால் கவ்விவிட்டு வெட்டிவிடலாம். ஆனால் கணையத்தையும் பித்தக் குழாயையும் குடலோடு சேர்ப்பதற்குப் பெரும்பாலும் ஊசியும் நூலும்தான் வேண்டும்.

எப்படித் தைக்கிறார்கள்?

முதலில் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். உள்ளே இடம் கிடைக்கிறது. பிறகு 5 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள குழாய்களைச் செருகுகிறார்கள். ஒன்றில் காமிரா, மற்றவற்றில் கருவிகள்.

ஊசி பிறைபோல் வளைந்தது. நூல் சுமார் 15 சென்டிமீட்டர்தான். அதிகம் நீண்டால் சிக்கிக்கொள்ளும்.

இதில் ஒரு விசித்திரம்! படகுத் துடுப்பைப் போல, கைப்பிடி வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். இது பழகுவதற்காகவே டாக்டர்கள் பயிற்சிப் பெட்டியில் பலமுறை தைத்துப் பார்க்கிறார்கள்.

நூலின் நீண்ட பக்கத்தை ஒரு கருவியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றுவார்கள். அதே கருவியால் நூலின் குட்டை முனையைக் கவ்வி இழுப்பார்கள். முடிச்சு விழும். அடுத்த முடிச்சை எதிர்த் திசையில் போட வேண்டும். இல்லாவிட்டால் நழுவிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. இரு முனைகளையும் வெளியே இழுத்து, வெளியிலேயே சுருக்கு முடிச்சிட்டு, நீண்ட கோலால் உள்ளே தள்ளிவிடலாம்.

கோவை தந்த விடை

இவ்வளவு சிரமம் எதற்கு? கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டிக் கட்டி வளர்ந்த 64 பேரை இரண்டு சம பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வயிற்றைத் திறந்தும், மறு பிரிவினருக்குத் துளை வழியாகவும் ஆபரேஷன் நடந்தது.

இது மிகப் பெரிய ஆபரேஷன். கட்டியை எடுத்தபின் கணையம், பித்தக் குழாய், உணவுப் பாதை மூன்றையும் சிறுகுடலோடு மீண்டும் இணைக்க வேண்டும். தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

துளை முறைக்கு நேரம் அதிகம் பிடித்தது. சிக்கல்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்கள்? வயிற்றைத் திறந்தவர்களுக்கு நடுவளவாக 13. துளை முறையில் 7!

பட்டு நூலும் தைக்கும்

ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற டாக்டர் தியோடர் கோச்சர், 1880-களிலேயே மிருகக் குடல் நூலை விட்டுவிட்டுப் பட்டு நூலுக்கு மாறியவர். பட்டு மென்மையானது, முடிச்சு நன்றாக நிற்கும். அதனால் இன்றும் டாக்டர்கள் அதைக் கைவிடவில்லை. உள்தையலுக்குத் தானே கரையும் நூல்களும் வந்துவிட்டன. சிலவகை நூல் சுமார் 2 மாதத்தில் கரைந்துபோகும்.

தறியில் உட்கார்ந்து மிதித்தால்தான் கூலி என்ற குடும்பத்தில் ஒவ்வொரு நாளும் முக்கியம். ஆகவே ஆபரேஷன் என்றதும் பயந்து தள்ளிப் போடாதீர்கள். “எனக்குத் துளை முறை பொருந்துமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. தொடங்கிய பிறகு வயிற்றைத் திறக்க நேர்ந்தாலும், அது நோயாளியின் நன்மைக்காகவே. துளை சிறியதா, பெரியதா என்பதைவிட உள்ளே போட்ட தையல் உறுதியாக நிற்பதே முக்கியம்.