கரைசலுக்குள் ஓர் ஒழுங்கு
மின்னேற்ற நெடுமூலக்கூறுகளும் எக்ஸ்-கதிர்ச் சிதறலும்

குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைக் கிழித்துப் பார்த்தால் பஞ்சினிடையே வெண்மையான சிறு மணிகள் கிடைக்கும். அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றினால் அவை விரைவில் உப்பிக் கூழாகிவிடும். அக்கூழின்மேல் ஒரு கரண்டிச் சமையல் உப்பைத் தூவினால், சிறிது நேரத்தில் அது தளர்ந்து, உண்ட நீரில் பெரும்பகுதியைக் கக்கிவிடும். எளிய இந்தச் சோதனைக்குள் நுட்பமான ஓர் இயற்கை விதி அடங்கியுள்ளது.

அம்மணிகள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொருளால் ஆனவை. சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோவையுற்று அமையும் இத்தகைய நெடுமூலக்கூறுகளைப் பலபடி என்பர். இவை உண்மையில் உண்டு என்று ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் 1920-இல் வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பாலிஅக்ரிலேட் நீரில் சேர்ந்ததும் அதன் சோடியம் அயனிகள் பிரிந்து நீரில் உலவத் தொடங்குகின்றன. சங்கிலியின் கணுக்களில் எதிர்மின்னேற்றம் எஞ்சுகிறது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும். ஆகவே சுருண்டு கிடந்த சங்கிலி நீள்கிறது. அயலிலுள்ள சங்கிலியையும் தள்ளி நிறுத்துகிறது. உப்பைச் சேர்த்தால் அதன் அயனிகள் இடையில் திரையாக நின்று, இவ்விலக்கத்தைத் தணித்துவிடுகின்றன. மணிகளில் இச்சங்கிலிகள் வலைபோல் பிணைக்கப்பட்டுள்ளன. பிணைப்பு இல்லையேல் அவை நீரில் கரைந்து, தெளிந்த நீர்போலவே தோன்றும். அத்தெளிந்த கரைசலுக்குள் சங்கிலிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை எங்ஙனம் அறிவது?

சிறுகோணச் சிதறல்

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். சங்கிலிகளுக்கு இடையிலுள்ள தொலைவோ பெரும்பாலும் சில நானோமீட்டர்தான். எனவே ஒளி கொண்டு அதனைக் காண இயலாது. 1895-இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்-கதிர் இங்கே கைகொடுக்கிறது. செம்பினின்று பெறும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர்.

இக்கதிர் எலெக்ட்ரான்களின்மீது பட்டுச் சிதறும். சிதறிய அலைகள் ஒன்றோடொன்று கூடுமிடத்தில் ஒளிர்வும், மாறுபடுமிடத்தில் மங்கலும் உண்டாகும். மெல்லிய மேகத்தினூடே நிலவைச் சுற்றித் தோன்றும் நிறவளையத்தை நினைவுகூர்க. மேகத்தின் நீர்த்துளி சிறிதாயின் வளையம் பெரிது. துளி பெரிதாயின் வளையம் சிறிது. எக்ஸ்-கதிர்ச் சிதறலிலும் இத்தலைகீழ் உறவே ஆட்சி செய்கிறது. 10 நானோமீட்டர் இடைவெளி, மேற்கூறிய கதிரை ஒரு பாகைக்கும் குறைவான கோணத்திலேயே திருப்பும். இச்சிறு கோணங்களை ஆராயும் முறைக்குப் பிரெஞ்சு அறிஞர் ஆந்திரே கினியே 1939-இல் அடிகோலினார்.

கரைசலை மெல்லிய கண்ணாடிக் குழாயில் இட்டு, நூலிழை போன்ற கதிரை அதனூடே செலுத்துவர். நேரே வரும் வலிய கதிரைச் சிறு உலோகத் துண்டால் மறைத்து, அதனைச் சூழ்ந்து விழும் மெல்லிய சிதறலை மட்டும் பதிவு செய்வர்.

வளையம் சொல்லும் செய்தி

மின்னேற்றம் இல்லாத பலபடிக் கரைசலில், சிதறல் நடுவில் மிகுந்து விளிம்பை நோக்கிச் சீராகக் குறையும். மின்னேற்றம் உள்ள கரைசலில், உப்புச் சேர்க்காதபோது, நிலைமை வேறு. நடுவை அடுத்த பகுதி மங்கி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அகன்ற வளையம் தோன்றுகிறது. சங்கிலிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை, தமக்குள் ஏறத்தாழ ஒரே இடைவெளியைப் பேணுகின்றன என்பதற்கு இதுவே சான்று. படிகத்தின் கட்டுக்கோப்பான ஒழுங்கன்று இது; நெருங்காமல் விலகி நிற்பதால் விளையும் தளர்ந்த ஒழுங்கு.

கரைசலின் செறிவை மாற்றினால் உண்மை மேலும் தெளிவாகும். சங்கிலிகள் தனித்தனியே மிதக்கும் மிக நீர்த்த கரைசலில் அவை புள்ளிகளைப் போன்றவை. புள்ளிகளின் இடைவெளியைப் பாதியாக்க, நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருமடங்கு வேண்டும். அஃதாவது 8 மடங்கு செறிவு. சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவும் செறிவிலோ அவை நெடுங்கழிகளைப் போன்றவை. அருகருகே நட்ட கழிகளின் இடைவெளியைப் பாதியாக்க 4 மடங்கு கழிகளே போதும். பிரெஞ்சு அறிஞர் டி ஜென்னும் அவர்தம் குழுவினரும் 1976-இல் வகுத்த கொள்கை, செறிவின் வர்க்கமூலத்திற்கேற்ப இடைவெளி குறையும் என்றது. அளவீடுகளும் அதற்கு இசைந்தன. உப்பைச் சேர்த்தாலோ வளையம் மங்கி மறைகிறது. கூழ் தளர்ந்ததற்கும் வளையம் மறைந்ததற்கும் காரணம் ஒன்றே.

பிரிந்த அயனிகள் எங்கே?

சங்கிலியை விட்டுப் பிரிந்த அயனிகள் யாவும் தொலைவில் போய்விடுவதில்லை. டி.என்.ஏ. இழையில் 0.17 நானோமீட்டருக்கு ஒன்றாக எதிர்மின்னேற்றம் நெருங்கியுள்ளது. இத்துணை நெருக்கம் நிலைக்காது என்றும், ஏற்ற இடைவெளி 0.7 நானோமீட்டர் ஆகும் வரை அயனிகள் இழையருகே திரளும் என்றும் அமெரிக்க அறிஞர் ஜெரால்டு மானிங் 1969-இல் கணித்தார். அதன்படி மின்னேற்றத்தில் ஏறத்தாழ முக்காற்பங்கு அடங்கிவிடும்.

இத்திரளை எக்ஸ்-கதிரால் காண ஒரு தந்திரம் உண்டு. சோடியம் அயனியில் 10 எலெக்ட்ரான்களே உள்ளன. ருபீடியம் அயனியில் 36. முன்னதற்குப் பதில் பின்னதை இட்டால், மங்கலாயிருந்த அயனித்திரள் துலங்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அறிஞர் உள்ளிட்ட குழுவினர் 2003-இல் இம்முறையால் டி.என்.ஏ.-வைச் சூழ்ந்த அயனிகளை ஆராய்ந்தனர்.

ஒரு வளையம், இரு விளக்கம்

எனினும் சிதறல் என்பது நிழற்படம் அன்று. அது இடைவெளிகளின் சராசரியையே தருகிறது. வெவ்வேறு அமைப்புகள் ஒரே வளையத்தைத் தரவும் கூடும். இதனால் ஒரு பெரும் விவாதம் எழுந்தது. ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழக அறிஞர் நோரியோ இசே, வளையம் காட்டும் இடைவெளி, சங்கிலிகள் கரைசலெங்கும் சமமாகப் பரவியிருந்தால் இருக்க வேண்டியதினும் குறைவு எனக் கண்டார். ஆகவே ஒத்த மின்னேற்றங்களுக்கிடையே, எதிரயனிகளின் துணையால், ஈர்ப்பும் உண்டு என்றார். விலக்கம் ஒன்றே வளையத்தை விளக்கப் போதும் என்பது பலரது மறுப்பு. மானங்களை மாற்றி, செறிவையும் உப்பையும் அயனியையும் ஒவ்வொன்றாக மாற்றி, மீண்டும் மீண்டும் அளந்தே இத்தகைய வழக்குகள் ஆராயப்படுகின்றன.

மனித உயிரணு ஒன்றின் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உள்ள கருவுக்குள் அடங்கியிருக்கிறது. தன்னைத் தானே விலக்கும் அவ்விழை, நேர்மின்னேற்றம் கொண்ட புரதங்களாலும் அயனிகளாலும் அடக்கப்பட்டே அங்கு உறைகிறது. குழந்தையின் டயப்பரில் உப்பு செய்யும் வேலைக்கு உறவான வேலையே உயிரின் கருவறையிலும் நடைபெறுகிறது.