வளைந்த இரும்பும் காதுக்குக் கேளாத ஒலியும்

வாப்பாவின் பட்டறைக்கு ஒருநாள் லொறியொன்றின் வளைந்த எக்ஸலைக் கொண்டுவந்தார்கள். புதிது வாங்க வசதியில்லை, நிமிர்த்தித் தந்தால் போதும் என்றார் லொறிக்காரர். வாப்பா மறுத்துவிட்டார். "வளஞ்சத நிமித்தலாம் தம்பி. வளையாததா ஆக்க ஏலா." அவர் வேறொரு பட்டறையில் நிமிர்த்திக்கொண்டார். சில மாதங்களில் ஓர் இறக்கத்தில் அது முறிந்தது. நல்லகாலம், உயிர்ச்சேதம் இல்லை.

நேராகத் தெரிந்த இரும்புக்குள் என்ன பிழை இருந்தது? வாப்பாவுக்கு அது கைப்பழக்கத்தில் தெரிந்தது. எனக்கு விளங்கியது கட்டாரில் குழாய் பரிசோதிக்கும் வேலைக்குப் போன பிறகுதான்.

அங்கே எங்கள் கருவி கழியொலி. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். உலோகத்துக்குள் நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் 1 முதல் 10 மெகாஹேர்ட்ஸ் வரையிலான ஒலி. ஆஸ்பத்திரி ஸ்கேனில் போலவே முதலில் ஜெல் பூசவேண்டும். இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. உருக்கில் ஒலி செக்கனுக்குச் சுமார் 5,900 மீற்றர் ஓடும். 6 சென்றிமீற்றர் தடிப்பான தகட்டுக்குள் போய்த் திரும்ப, ஒரு செக்கனை 10 இலட்சமாகப் பிரித்தால் அதில் 20 பங்கு நேரம் போதும். நடுவில் வெடிப்பிருந்தால் எதிரொலி அதற்கு முந்தியே வந்துவிடும்.

ஆனால் வளைந்து நிமிர்ந்த இரும்பில் வெடிப்பே இல்லாமல் இருக்கலாம். அங்கே மாறியிருப்பது அணுக்களின் அடுக்கு. உலோகம் நிரந்தரமாக வளையும்போது அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இந்த வழுக்கலை நடத்தும் வரிசைப் பிறழ்வுகளை 1934இல் டெய்லர், ஒரோவன், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். வளைக்க வளைக்கப் பிறழ்வுகள் பெருகும். நிமிர்த்துவதும் இன்னொரு வளைப்புத்தானே! அதனால் அவை குறையாது, கூடும்.

இதை ஒலி எப்படி அறியும்? 1956இல் கிரனாட்டோவும் லூக்கேயும் சொன்ன விளக்கம் எளிது. பிறழ்வு ஒவ்வொன்றும் இரு முனையும் கட்டிய தந்திபோல. அலை வரும்போது அது அதிரும்; அலையின் சக்தியில் கொஞ்சத்தை விழுங்கும். ஆகவே ஒலி சற்று மெலியும், கதியும் சிறிது குறையும். இரண்டாவது அடையாளம், மணிகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நீளப்பாட்டில் ஒரு கதியும் குறுக்கே வேறொரு கதியும் காட்டும். மூன்றாவது, 5 மெகாஹேர்ட்ஸ் அனுப்பினால் கூடவே 10 மெகாஹேர்ட்ஸிலும் மெல்லிய ஒலி வரும். உலோகம் களைக்கக் களைக்க அது வளரும்.

இதெல்லாம் மிகச் சிறிய மாற்றங்கள். சூடு கூடினாலும் கதி மாறும். ஆகவே அதே வகையைச் சேர்ந்த வளையாத துண்டொன்றை, அதே சூட்டில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாவிட்டால் அளவுக்குப் பெறுமதியில்லை.

அளந்தால் மட்டும் போதாது என்பதற்கு இங்கிலாந்தின் ஹட்ஃபீல்ட் சாட்சி. 2000 ஒக்டோபர் 17இல் அங்கே புகையிரதம் தடம்புரண்டு நால்வர் இறந்தனர். சில்லுகள் திரும்பத் திரும்ப உருண்டதால் களைத்து வெடித்திருந்த தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. இத்தகைய மேல் வெடிப்புகள் ஒலியை மறித்து, கீழே இறங்கும் பெரிய வெடிப்பை மறைத்துவிடவும் கூடும். அந்தத் தண்டவாளத்தை மாற்றவேண்டும் என்பதோ முன்னரே தெரிந்திருந்தது. மாற்றப்படவில்லை.

எனவே உங்கள் வாகனத்தின் எக்ஸலையோ ஸ்டியரிங் பாகத்தையோ யாராவது நிமிர்த்தித் தந்து, "செக் பண்ணிட்டம், வெடிப்பில்ல" என்றால், இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வெடிப்பை மட்டுமா பார்த்தீர்கள்? நம்மூர்ப் பட்டறைகளில் மற்றதைப் பார்க்கும் கருவி கிடைப்பது அரிது. அதுவரை வாப்பா சொன்னதுதான் சரி. பாரம் சுமக்கும் சாமான் வளைந்தால், மாற்றிவிடுங்கள்.