ஜயமும் அபஜயமும்

ஒரு பெரிய வேலை முடிந்ததும், குறித்த தவணைக்குள் முடிந்ததா, ஒதுக்கிய பணத்துக்குள் அடங்கிற்றா என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டு, ஜயமென்றோ அபஜயமென்றோ தீர்ப்புக் கூறிவிடுவது அதிகாரிகளுக்கும் ஜனங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. இக்கேள்விகள் அவசியமானவையே. ஆனால் இவை மட்டும் போதா என்பது நமது அபிப்பிராயம்.

ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்திலுள்ள ஸங்கீத நாடக மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1957-ல் நடந்த போட்டியில் டென்மார்க் தேசத்துக் கட்டடச் சிற்பி யோர்ன் உட்ஸோனின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. டாலர்க் கணக்கில் 70 லட்சம் செலவில் 1963-ல் முடியுமென்று உத்தேசித்தார்கள். திறப்பு விழா நடந்ததோ 1973-ல். செலவானதோ 10 கோடியே 20 லட்சம் டாலர். மனஸ்தாபத்தால் 1966-ல் விலகிச் சென்ற உட்ஸோன், முடிவுற்ற மாளிகையை நேரில் காணவேயில்லை. அன்று கணக்கை மட்டும் பார்த்தவர் இதைப் படுதோல்வி என்றே சொல்லியிருப்பார். இன்றோ அந்நகரத்தின் முகமே அம்மாளிகைதான். 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

அப்படியானால் தாமதமும் மிகைச் செலவும் குற்றமல்லவா? குற்றந்தான். கூரையை எவ்விதம் கட்டுவதென்று தீர்மானமாகுமுன்பே 1959-ல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் கூரையின் பாரத்தைத் தாங்கமாட்டாத தூண்களை மாற்றிக் கட்ட நேர்ந்தது. மாளிகையின் புகழ் அந்த அவசரத்தை நியாயமாக்காது. பலன் வேறு, நிர்வாகம் வேறு. இரண்டையும் தனித்தனியே நிறுக்கவேண்டும்.

நமது தேசத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2019 செப்டம்பர் 7-ந் தேதி சந்திரயான்-2இன் இறங்குகலம் சந்திரனில் மோதி நொறுங்கிற்று. அதன் சுற்றுக்கலமோ பழுதின்றி வேலை செய்தது. நமது விஞ்ஞானிகள் பிழையின் காரணத்தை ஆராய்ந்தார்கள். அடுத்த கலத்தின் கால்களை உறுதிப்படுத்தினார்கள், எரிபொருளை அதிகரித்தார்கள், அரைக் கிலோமீட்டர் சதுரமாயிருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது. பழைய சுற்றுக்கலமே புதிய கலத்துடன் தொடர்பு கொண்டு உதவிற்று. முதல் முயற்சியை வெறுந்தோல்வி என்று எவர் சொல்வார்?

ஆகவே இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்குமாறு பொதுவாழ்வில் ஈடுபட்டோரை வேண்டுகிறோம்: இவ்வேலையால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது? இதிலிருந்து நாம் கற்றது என்ன? தோற்றவரைத் தூற்றுவதையே தொழிலாகக் கொண்ட சமூகத்தில், ஊழியர்கள் தோல்வியை மறைக்கவே பழகுவார்கள். மறைக்கப்பட்ட பிழை மறுபடியும் வந்தே தீரும். அதற்கு விலை கொடுப்பவர்கள் பொதுஜனங்களே.