வெள்ளைச் சுவரும் கிளிப்பச்சைச் சுவரும்

மதுரையைத் தாண்டித் தெற்கே போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வயலுக்கு நடுவே நிற்கும் புது வீடுகள் தொலைவிலேயே தெரிந்துவிடுகின்றன. மஞ்சள் தூக்கலான கிளிப்பச்சை. பகலில் மனிதக் கண் மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீள ஒளியை; அது ஏறக்குறைய இந்த நிறம்தான். பக்கத்து நெற்பயிர்கூடச் சற்று மங்கலாகத் தோன்றுகிறது.

ஒரு தலைமுறைக்கு முன் இதே ஊர்களில் சுவர் என்றால் வெள்ளை. பொங்கல் நெருங்கும்போது கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்து பழைய பானையில் நீற்றுவார்கள். தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று கொதித்துப் பொங்கும். பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். ஆறியபின் வேட்டித் துணியில் வடிகட்டி, பழுப்புத் தெரியாமலிருக்கக் கொஞ்சம் நீலம், சுவரில் பிடிக்கக் கொஞ்சம் கஞ்சியோ வஜ்ரப் பசையோ சேர்ப்பார்கள். மட்டையால் இழுக்கும்போது வெறும் தண்ணீர் போலிருக்கும். காயக் காயத்தான் வெண்மை ஏறும். அடித்தவர் கை வெந்துபோகும், சாய்ந்தவர் சட்டை வெளுக்கும்.

நிறத்தில் ஆசை இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு இடம் கொடுக்கவில்லை. அதன் காரத்தைக் காவியும் மண் மஞ்சளும் தாங்கும். குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்த பளிச்சென்ற பச்சை தாங்காது. ஆகவே அந்தப் பச்சை எண்ணெய்ப் பெயின்டாகக் கதவோடும் ஜன்னல் கம்பியோடும் நின்றது. குரோம் மஞ்சள் என்பது ஈயச் சேர்மம். உதிர்ந்த செதிலை வாயில் வைக்கும் குழந்தையைப் பற்றி அன்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே சந்தேகமில்லாத லாபம் இது ஒன்று.

இன்று நிறம் கடையிலேயே உருவாகிறது. அட்டையில் எண்ணைக் காட்டினால் இயந்திரம் அளந்து சொட்டவிட்டு, டப்பாவைக் குலுக்கித் தருகிறது. அன்று இரண்டாம் பானை முதல் பானையோடு ஒத்துப்போகாது. இன்று பத்தாவது டப்பாவும் ஒத்துப்போகும். சுவரில் எண்ணெய்க் கறை பட்டால் ஈரத்துணி போதும். ஆனால் பட்டி பார்க்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும். இந்தப் பச்சைக்கு வெள்ளை நிறமி குறைந்த பேஸ்தான் எடுப்பார்கள் என்பதால் அடிச்சுவர் எளிதில் மறையாது. பெரும்பாலும் மூன்றாவது கை கேட்கும். முதல் நாள் லிட்டர் கணக்கில் அது ஏனோ வருவதில்லை.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். இன்றைய எமல்ஷன் பெயின்ட் பூச்சுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டால் மழைக்காலத்துக்குப் பின் கொப்புளித்து உரியும். வெள்ளையடிப்பு வீட்டார் கையாலேயே ஆண்டுக்கொருமுறை முடிந்த வேலை. பெயின்ட் சில ஆண்டுகளுக்கொருமுறை ஆள் வைத்துச் செய்யும் பெருஞ்செலவு. பொங்கலுக்கும் அதற்கும் தொடர்பு விட்டுப்போயிற்று.

மலிவான பெயின்டாக இருந்தால் மேற்கு வெயில் படும் சுவரில் மஞ்சள் முதலில் வெளுத்து, நீலம் தட்டிய பச்சை மிஞ்சுகிறது. அதே எண்ணைச் சொல்லி வாங்கிய புது டப்பா அந்தச் சுவரோடு சேராது. தொட்ட இடம் திட்டாகத் தெரியும். பெயின்டர் பார்த்துவிட்டு, முழுச் சுவரையும் அடித்தால்தான் ஆகும் என்கிறார்.